கௌதாரி அடைகிடந்த பத்தை

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் ஆறவேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, எங்கள் ஊர் உரும்பிராயில் நின்ற மரமெல்லாம் அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாசிகசாலைக்குப் பின்னால் நான்கு பரப்பு, கால் ஏக்கர்வரை, தரிசு நிலம் கிடந்தது. ஒருகாலத்தில் அங்கே காடு நின்றதாம். அதை மீண்டும் உண்டாக்குவோம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். இலுப்பை, நாவல், மருது நட்டோம். கீழே காரை, சூரை என்று முட்செடிகள் தாமாகவே முளைத்தன. இந்தப் புதர்ப் பத்தை இல்லாவிட்டால் ஒரு குருவியும் வராது, அதை வெட்டக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு மட்டும் எங்களூரில் ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை.

நட்டபின் மூன்று கோடை, சைக்கிள் கரியரில் வாளி கட்டித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். அடுத்த வருடம் ஒரு காலை, சூரைப் பத்தைக்கடியில் கௌதாரி ஒன்று அடைகிடந்தது. அது இரைக்குப் போன நேரம் எட்டிப் பார்த்தேன். ஆறு முட்டைகள். கண்ணிவைத்துப் பிடித்துத் தின்ன ஆளிருக்கும் ஊரில் எங்களை நம்பி வந்திருக்கிறதே! நேரே எங்கள் குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊருக்கே மாஸ்டர்.

"நல்லது பிள்ளை. குஞ்சு பொரிக்குமட்டும் ஒருத்தரும் அங்காலை போகக்கூடாது" என்றார்.

அடுத்த கிழமை, விவசாய அதிகாரி ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து காட்டைப் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது. உடனே சிரமதானம், ஊரே கூடித் துப்பரவு செய்யும் வேலை. பெண்களுக்குத் தேத்தண்ணி வேலை, வேறென்ன தருவார்கள்? முட்டைகளை மாஸ்டருக்கு மறுபடியும் நினைவூட்டினேன். "ஓம் ஓம், ஓரத்தைத்தான் கொஞ்சம் துப்பரவாக்கிறது" என்றார். நம்பினேன். வாசிகசாலை முன்பக்கத்தில் கேத்திலோடு மாரடித்துக்கொண்டிருந்தவள், புகை மணந்த பிறகுதான் பின்னால் ஓடினேன்.

எங்கள் சனத்துக்கு முற்றத்தில் ஒரு சருகு கிடந்தால் சோறு இறங்காது. வெளியாள் வருகிறார் என்றால் சொல்லவே வேண்டாம். காட்டையும் முற்றமாக்கிவிட்டார்கள். பத்தை முழுவதையும் அடியோடு வெட்டி, சருகைக் கூட்டி, நடுவில் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். மரங்களின் அடிக்குச் சுண்ணாம்பு வேறு. கௌதாரி இருந்த இடத்தில் விளக்குமாறு கீறிய கோடுகள்தான் தெரிந்தன.

"முட்டை எங்கை மாஸ்டர்?"

"எல்லாரும் வெட்டத் தொடங்கினால் நிப்பாட்டேலாது பிள்ளை. பத்தையாக் கிடந்தால் பராமரிப்பில்லை எண்டெல்லோ அவர் நினைப்பார்" என்று வியர்வையைத் துடைத்தார். அவருடைய கைகளிலேயே சூரைமுள் கிழித்த கீறல்கள் புதிதாக இருந்தன. அந்தக் கைகளுக்குத்தான் சற்றுமுன் தேத்தண்ணி கொடுத்திருந்தேன்.

மறுநாள் அதிகாரி வந்து சுற்றிப் பார்த்தார். "நல்ல துப்பரவா வைச்சிருக்கிறியள்" என்றார். மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "ஆனால் பறவையள் ஒண்டும் வந்து தங்கிறேல்லையோ?"

"இனித்தான் வரும் ஐயா" என்றார் மாஸ்டர், கூச்சமே இல்லாமல்.

நான் தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே வைத்தேன். "வந்தது ஐயா. ஆறு முட்டையோடை இருந்தது. நேற்று நாங்கள்தான் எரிச்சுப்போட்டம்."

அதிகாரி சுண்ணாம்பு பூசிய மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புறப்பட்டுவிட்டார்.

அவர் வாசற்படலை தாண்டியதும் மாஸ்டர் என்னிடம் திரும்பினார். "வெளியாளுக்கு முன்னாலை ஊரின்ரை மானத்தை வாங்கிப்போட்டீர்."

சுற்றி நின்ற அத்தனைபேரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஊரில் என்னுடைய வாயைப் பற்றித்தான் கதை. முட்டைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.