உறவுமுறை வரையப் போன வீடு

முப்பது வயதுக்கு மேல்தான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். எங்கள் துறையில் சமூகவியல், மானிடவியல், குற்றவியல் நீதி மூன்றும் ஒரே மாடியில் இருந்தன. "இதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று ஜொகூரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டார்கள். எனக்கும் தெரியாது. ஊர்வம்பை முறையாகக் கற்றுத்தருகிறார்கள் என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருப்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மானிடவியல் பாடத்துக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நமக்கு உறவில்லாத ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பேசி, யாருக்கு யார் என்ன முறை என்று மூன்று தலைமுறைக்குப் படம் வரைந்து வர வேண்டும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர், பக்கத்து ஊரான மாசாயில் தனக்குத் தெரிந்த ஆண்ட்டி ஒருவரின் வீட்டைக் காட்டிவிட்டார். அந்த ஆண்ட்டிக்குக் கணவர் இல்லை. பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் மகனோடு இருந்தார்.

வாசலிலேயே உள்ளதைச் சொன்னேன். "யுனிவர்சிட்டில படிக்கிறேன் ஆண்ட்டி. குடும்பத்தப் பத்தி ஒரு அசைன்மென்ட்."

"தெரியும்மா, உள்ள வாங்க லா," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். நம் ஆட்களில் முதல் தடவை வரன் விசாரிக்க வருகிறவர்கள் என்றைக்கு விஷயத்தை நேராகச் சொல்லியிருக்கிறார்கள்? சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்பார்கள், கோயில் திருவிழா நோட்டீஸ் கொடுக்க வந்தோம் என்பார்கள். என் படிப்பையும் ஆண்ட்டி அந்த வகையில் சேர்த்துவிட்டார்.

நான் கேட்ட கேள்விகளும் அப்படித்தான் இருந்தன. பூர்வீகம் எந்த எஸ்டேட், குலதெய்வம் எது, கூடப்பிறந்தவர்களை எங்கே கொடுத்திருக்கிறது, சொந்தத்தில் கட்டியவர்கள் யார். ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். கேசரி வந்தது. மகன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, "வாங்கக்கா" என்று சொல்லி, கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போனார். பிறகு ஆண்ட்டி என் கூடப்பிறந்தவர்களைப் பற்றி விசாரித்தார். ஒரு தங்கை, சிங்கப்பூரில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். ஆய்வுக்குப் போகிறவர் தன்னைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் நல்ல மாணவி, தங்கை நன்றாகச் சமைப்பாள் என்பதுவரை சொல்லி வைத்தேன்.

ஆண்ட்டி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்லிடுறேம்மா. பின்னால வேற யார் வாயிலயாச்சும் கேட்டீங்கன்னா நல்லாருக்காது. அவன் சின்ன வயசுல கூட்டாளிங்களோட ஒரு சண்டையில மாட்டிக்கிட்டான். ஜெயில்ல இருந்துட்டு வந்தான். அதுக்கப்புறம் ஒரு வம்புக்கும் போனதில்ல. இதுக்கு முன்ன வர்றோம்னு சொன்னவங்க எல்லாம் இதக் கேள்விப்பட்டதும் வாசப்படி மிதிக்கல. நீங்கதான் வீடு வரைக்கும் வந்தீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்டனை முடிந்த பிறகும் ஒருவரை விடாமல் தொடரும் கெட்ட பெயரைப் பற்றிக் குற்றவியல் நீதி வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இங்கே ஒரு தாய், மகனுக்கு ஒரு வாழ்க்கை அமையுமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதாவது சாக்குச் சொல்லி நழுவலாம். ஆனால் நழுவினால், இவளும் அதைக் கேட்டுத்தான் ஓடினாள் என்று ஆகிவிடும். அது மட்டும் கூடவே கூடாது என்று நினைத்தேன்.

"ஆண்ட்டி, நெசமாவே படிப்புக்குத்தான் வந்தேன்," என்று மாணவர் அட்டையை எடுத்துக் காட்டினேன். "என் தங்கச்சி ஏற்கெனவே ஒருத்தர விரும்புறா. இல்லன்னா நானே வீட்டுல பேசியிருப்பேன்." அதை மனசாரத்தான் சொன்னேன்.

உள்ளிருந்து மகன் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அலமாக்! அம்மா, அக்கா வந்ததுலேருந்து படிப்பு படிப்புன்னுதானே சொல்றாங்க!"

ஆண்ட்டி சிரிக்கவில்லை. முகம் வாடிவிட்டது. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. வேண்டாமென்றால் படத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன்.

"ஏன் கிழிக்கணும்?" என்று படத்தை என் பக்கமே தள்ளினார். "அதச் சொன்னதுக்கப்புறமும் நீங்க எந்திரிச்சு ஓடலயே. உக்காருங்க, எங்க வீட்டுக்காரர் பக்கம் இன்னும் சொல்லவே இல்லயே."

மீதியையும் வரைந்தேன். அந்தப் படத்தில் ஜெயிலுக்கென்று தனிக் குறி எதுவும் கிடையாது. குடும்பத்தில் எல்லா ஆண்களுக்கும் போட்ட அதே முக்கோணத்தை அவருக்கும் போட்டேன்.

அதன் பிறகு நல்ல நாள் பெரிய நாளில் அந்த வீட்டுக்குப் போய்வருவது பழக்கமாகிவிட்டது. அடுத்து விசாரிக்க வந்தவர்கள் பெக்கான் நானாஸ் ஊர்க்காரர்கள். ஆண்ட்டி அவர்களிடம் முதல் பேச்சிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். போய் யோசித்துவிட்டு, திரும்பி வந்து பெண் கொடுத்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் பெண்ணின் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மாப்பிள்ளைக்கு என்ன மொற?"

உறவுமுறையைப் பாடமாகவே படித்தவள், நான் வரைந்த படத்தில் எனக்கு எந்தக் கோடு என்று மனதுக்குள் தேடினேன். பக்கத்தில் நின்ற ஆண்ட்டி என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"எம் மகனுக்கு மொத மொதல்ல சம்பந்தம் பேச வந்தவங்க இவங்கதான்," என்றார்.