உறைபனி பிடிக்காத சதுரம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கழிவுநீர் மேட்டை நோக்கி ஓடும் என்று நம்பி, என் வீட்டு முன்பக்கம் முழுவதையும் கொத்திப் போட்டவன் நான். மலையில் பிறந்து, மலையில் வேலை பார்த்து, மலையிலேயே ரிட்டயர் ஆனவன். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது இங்கே மேய்கிற எருமைக்குக்கூடத் தெரியும்.

எங்கள் வீடு லவ்டேலுக்குப் போகும் வழியில் ஒரு சரிவில் இருக்கிறது. ரோடு மேலே. வாசல் ரோட்டைப் பார்த்து. வீட்டுக்குப் பின்னால் புல்தரை இறங்கிக்கொண்டே போய் கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மர வரிசையில் முடியும். இந்த வீட்டுக்கு வருகிற எல்லாமே வாசல் வழியாக வருவதால், வெளியே போவதும் அந்தப் பக்கமாகத்தான் போகும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

தேடியது சேம்பரை. வீட்டுக் கழிவுக் குழாய் செப்டிக் டேங்குக்குப் போகும் வழியில், மூடி போட்டு ஒரு சின்னத் தொட்டி கட்டியிருப்பார்களே, அது. எங்கள் கழிப்பறை மாதம் தவறாமல் அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பிளம்பர் வந்து, வளைகிற நீளக் கம்பியை உள்ளே விட்டுச் சுற்றுவார். தண்ணீர் மடமடவென்று இறங்கும். நாங்கள் கைதட்டாத குறை. சில வாரங்கள் ஒழுங்காக இருக்கும். பிறகு ஒரு காலையில் மறுபடியும் தண்ணீர் இறங்காமல் நின்று என் முகத்தைப் பார்க்கும்.

“சேம்பர் எங்கன்னு காட்டுங்க, ஒரேடியா முடிச்சுத் தர்றனுங்க” என்றார் பிளம்பர். வீட்டை எங்களுக்கு விற்றவர் சேம்பரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஜன்னலிலிருந்து மலை தெரிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிய புத்திசாலிகள்.

எனக்கு இது ஒரு புதிராக இருந்தது. என் மனைவிக்கு இது அவமானமாக இருந்தது. கழிப்பறை அடைத்த நாட்களில் அவள் குடையை எடுத்துக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கும் மேல் வீட்டுக்கு ஏறிப்போக வேண்டும். நான் ஆண்பிள்ளை, டவுனுக்குப் போகிற சாக்கில் எங்கேயாவது சமாளித்துக்கொள்வேன்.

“இந்த வயசுல அடுத்தவங்க ஊட்டுக் கதவத் தட்டி, ‘அக்கா, பாத்ரூம் போய்க்கட்டுங்களா’ன்னு கேக்கோணும். கேட்டதுக்கு அவங்க தர்ற காப்பிய வேற குடிக்கோணும். குடிச்சா மறுபடி போகோணும்” என்றாள் ஒருநாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “பொங்கல் வரைக்கும் பாப்பனுங்க. அதுக்குள்ள சரியாகலீன்னா நான் கோயமுத்தூருல பையன் ஊட்டுக்குப் போயிருவேன். போனா திரும்பி வர மாட்டேன். நீங்க வேணா இங்கயே இருந்து குழி தோண்டுங்க.”

அவள் சொன்னால் செய்வாள். அவள் இல்லாத இந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கே கடப்பாரையை எடுத்தேன்.

முன்பக்கத்தைக் கொத்தியபோது ரோட்டில் போனவர்கள் சும்மா போகவில்லை. “ஏனுங்க, கெழங்கு போடறீங்களா?” என்றார் ஒருவர். “பொதையலுங்களா? எங்களுக்கும் பங்கு உண்டுங்களா?” என்றார் இன்னொருவர். கடைசியில் என் மனைவி வாசலில் வந்து நின்று, குழிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கக்கூஸ் தண்ணி ரோட்டுக்கு ஏறிப்போயி பஸ் புடிக்குமாங்க?” என்று கேட்டாள். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன்.

பின்பக்கப் புல்தரை பெரியது. அதையும் கொத்தினால் உண்மையிலேயே கிழங்குதான் போட வேண்டியிருக்கும். அதனால் காதை நம்பினேன். மனைவியை உள்ளே வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, புல்லில் குப்புறப் படுத்து, தரையில் காதை வைத்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. “கண்டுபுடிச்சுட்டேன்!” என்று கத்தினேன். “நா இன்னும் ஊத்தவே இல்லீங்க” என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது. கேட்டது என் வயிற்றுச் சத்தம்.

மார்கழி பிறந்ததும் உறைபனி விழ ஆரம்பித்தது. எனக்குக் காலையில் கதவைத் திறப்பதென்றாலே ஆகாது. மார்கழி முடியப் போகிற சமயம், ஒருநாள் என்னவோ பின்கதவைத் திறந்தேன். புல்தரை முழுவதும் உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளை. அந்த வெள்ளையின் நடுவில், மேல் வீட்டு நாய் சுருண்டு படுத்திருந்தது. அதற்குக் கீழே மட்டும் புல் பச்சை.

நாய் உடம்புச் சூட்டில் பனி உருகியிருக்கும் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன். ஆனால் மனசு சாத்திக்கொள்ளவில்லை. அத்தனை பெரிய புல்தரையில் நாய் ஏன் அங்கே போய்ப் படுக்க வேண்டும்? மறுநாள் நாய்க்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் இப்படி ஒரு போட்டியில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நாய் இன்னும் வரவில்லை. பச்சை அங்கேயே இருந்தது. மரத்தடியில் உறைபனி பிடிக்காது, அது எல்லோருக்கும் தெரிந்தது. திறந்தவெளியில், நட்ட நடுப் புல்லில், கோடு போட்டதுபோல் ஒரு சதுரம்! செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வைத்துப் பார்த்தேன். வெள்ளையில் சுரீர் என்றது. பச்சையில் அவ்வளவு இல்லை. நாய் தரையைச் சூடாக்கவில்லை. தரைதான் நாய்க்குக் கணப்புப் போட்டிருக்கிறது. நாங்கள் குளிக்கிற வெந்நீரும் அதே குழாயில்தானே போகிறது. கடப்பாரையை எடுத்து வந்து குத்தினேன். மண்ணில் கொஞ்சம் இறங்கி, ‘ணங்’ என்றது.

பிளம்பர் அன்று மத்தியானமே வந்தார். புல்லைச் சீவி எடுத்ததும் சிமெண்டுப் பலகை ஒன்று தெரிந்தது. நெம்பி நகர்த்தி, உள்ளேயிருக்கும் காற்று போகட்டும் என்று கொஞ்ச நேரம் தள்ளி நின்றோம். ஆள் இறங்குகிற ஆழமில்லை. தண்ணீர் வாய் வரைக்கும் நின்றிருந்தது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, டேங்குப் பக்கம் போகும் குழாயில் கொக்கி வைத்த கம்பியை விட்டு இழுத்தார். ஒரு தாடி வந்தது. கற்பூர மர வேர். பழைய மண்குழாயின் இணைப்பு வழியாக உள்ளே புகுந்து, தண்ணீர் குடித்துச் சடையாக வளர்ந்திருந்தது. அந்தச் சடை முழுக்கக் கறுப்புக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

பிளம்பர் குனிந்து பார்த்தார். “ஏனுங்க, ஊட்டுல டீக்கடை வெச்சிருக்கறீங்களா?”

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவன். டீமேக்கர் என்றால் கடையில் டீ ஆற்றுபவர் அல்ல. இலை தூளாகிற வரைக்கும் பொறுப்பு அவர் தலையில். இப்போதும் தெரிந்தவர்கள் சாம்பிள் அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். தினமும் காலையில் வரிசையாகப் போட்டு ருசி பார்ப்பேன். சக்கையை சிங்க்கில் கொட்டினால் மனைவி திட்டுவாள். செடிக்குப் போடலாம் என்றால் கதவைத் திறக்க வேண்டும், குளிரும். கழிப்பறை ஓட்டைதான் பெரிதாக இருக்கிறதே! பிளம்பரின் கம்பி வேருக்குள் மாதாமாதம் ஒரு வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த வழியை நான் தினமும் அடைத்து வந்திருக்கிறேன்.

“சி.டி.சி. தூள்” என்று தேயிலை ரகத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். சர்வீஸ் பழக்கம்.

மனைவி என் பின்னால் நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தத் தூளையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பிளம்பர் அந்த மண்குழாய்த் துண்டை உடைத்தெடுத்து, பி.வி.சி. குழாய் போட்டு, இணைப்பை நன்றாகப் பூசினார். சேம்பர் சுவரைச் செங்கல் வைத்து உயர்த்தி, இனிமேல் மூடி புல்லுக்கு மேலே தெரியும்படி கட்டினார். “வேரு மறுபடி தேடி வருமுங்க. வருசத்துக்கு ஒருக்கா தொறந்து பாருங்க. உங்க சமாச்சாரத்த மட்டும் செடிக்குப் போட்டுருங்க” என்றார். ‘உங்க சமாச்சாரம்’ என்று அவர் நாகரிகமாகச் சொன்னதில் நான் இன்னும் சுருங்கிப் போனேன்.

பூச்சுக் காய்ந்த பிறகு மனைவி உள்ளே வாளித் தண்ணீர் ஊற்றினாள். நான் சேம்பர் ஓரத்தில் குந்தியிருந்தேன். ஒரு பக்கம் வந்து, மறுபக்கம் போயிற்று. நிற்காமல், என்னைத் திரும்பிப் பார்க்காமல். இதைவிட அழகாகத் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. மறுபடி ஊற்றச் சொன்னேன். ஊற்றினாள். இன்னும் ஒரு தடவை கேட்டேன். வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்து நின்றாள். பொங்கலுக்கு இன்னும் சில நாட்கள்தான். நான் எழுந்திருக்காமலே, சேம்பரைப் பார்த்தபடி, “அப்ப… கோயமுத்தூரு?” என்று கேட்டேன்.

“மாசி வரைக்கும் குளிரும், வெறகு வாங்கிப் போடுங்க.”