தம்பியின் கோளாறுத் தாளில் விடுபட்ட வரி

என் தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். வயது இருபத்தாறு. இந்த நகரத்தில் பதினேழு கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் முதல் போன் அவனுக்குத்தான் வரும். ஆள் ஒல்லி என்பதால் வேலையிடத்தில் அவனுக்குக் குச்சி என்று பெயர். கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் மற்றவர்கள் தோளைச் சாய்த்து நுழையும் இடத்தில் இவன் நேராகவே நின்று திருகாணி முடுக்குவான். நான் எட்டாவது வரை படித்தவள். பட்டறை ஒன்றில் பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டுகிறேன். கால் அங்குலம் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது.

அவன் எப்படிப்பட்ட வேலைக்காரன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஓர் அலுவலகக் கட்டடத்தில் நான்காம் மாடியில் மட்டும் லிஃப்ட் கதவு சில நேரம் மூடாது. மூன்று பேர் வந்து மோட்டார், மின்பலகை என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். இவன் எதையும் தொடவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து, கதவு அடம்பிடிக்கும் நேரத்தை மட்டும் தாளில் குறித்தான். இரண்டு நாளும் நாலேகால் முதல் நாலே முக்கால் வரை. அந்த நேரத்தில் எதிர் ஜன்னல் வழியாக வந்த வெயில், கதவில் ஆள் நிற்பதை உணரும் கருவியின் கண்ணில் நேராக விழுந்தது. ஓர் அட்டையை வெட்டி ஜன்னலில் ஒட்டினான். அதோடு கதவு ஒழுங்காக மூடியது.

"கோளாறு வர்ற நேரத்துல வேற என்ன வருதுன்னு பாக்கணும்க்கா. அவ்வளவுதான் வித்தை" என்றான் என்னிடம். அந்தத் தாளுக்குக் கோளாறுத் தாள் என்று பெயர். ஒவ்வொரு பழுதுக்கும் ஒன்று எழுதுவான்.

போன வருடம் அவனுக்கே ஒரு தாள் எழுத வேண்டி வந்தது.

லிஃப்ட் கூண்டின் கண்ணாடியில்தான் சூப்பர்வைசர் முதலில் பார்த்தார். "டேய் குச்சி, கண்ணைக் காட்டு. என்னடா மஞ்சளா இருக்கு? எத்தனை நாளா ஊத்தறே?"

"சார், நான் டீயே ஒரு நாளைக்கு ஒண்ணுதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான். டாக்டர் லெட்டர் இல்லாம கூண்டுப் பக்கம் வராதே."

அன்றிலிருந்து அவனை அலுவலகத்தில் போன் எடுக்க உட்கார வைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் உடம்பு தேறவில்லை என்றால் அந்த நாற்காலிதான் நிரந்தரம் என்றும் சொல்லிவிட்டார்கள். கையில் ஸ்பானர் இல்லாத என் தம்பியை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய கல்லீரல் என்சைம் அளவு அறுநூற்று நாற்பது. கல்லீரல் வீங்கிப் புண்பட்டிருக்கிறது, அதற்கு அழற்சி என்று பெயர் என்றார்.

"குடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர்."

"எப்பவாவது?"

"ஒரு தடவை மோந்து பாத்தேன். அதோட சரி."

அவர் சிரித்துவிட்டார். "குடி மட்டும்தான் காரணம்னு இல்ல. உங்க வயசுக்காரங்களுக்குப் பல வழியில வரும். அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியா ஒரு மாதிரி வைரஸ் வரும். ரத்தம், பிளேடு, பச்சை குத்துற ஊசி வழியா வேற மாதிரி வைரஸ் வரும். கொழுப்பு சேந்தாலும் வரும். மாத்திரையால வரலாம். நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கலாம். செம்பு வெளியே போகாம தங்குற பிறவிக் கோளாறுகூட உண்டு."

தம்பி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க டாக்டர், எழுதிக்கிறேன்."

"மூலிகை, சத்துப் பொடி, உடம்பேத்துற பவுடர் ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்லை" என்றான். உண்மையைத்தான் சொன்னான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி அவனுக்கு என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

அன்று மாலையே வீட்டுச் சுவரில் தாள் ஏறியது. தோள் வலிக்கு அவ்வப்போது போட்ட மாத்திரை, லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைத் துடைக்கும் திரவம், கடைத்தெருவில் முகம் மழித்த கத்தி, வேலையிடத்துக் குழாய்த் தண்ணீர் என்று இருபத்திரண்டு வரிகள். வைரஸ் சோதனைகள் வர வர ஒவ்வொரு வரியாக அடித்தான். செம்பும் இல்லை. கொழுப்பும் இல்லை.

"கொழுப்பு இருந்தாத்தான் அதிசயம்" என்றேன் நான்.

மாத்திரையை நிறுத்தினான், துடைக்கும் திரவத்தைத் தொட்டே இரண்டு வாரம் ஆயிற்று. மறுபடி ரத்தம் எடுத்தால் அறுநூற்று ஐம்பத்தைந்து.

அந்தச் சமயத்தில் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள நான் போனேன். பதினாறு நாள். திரும்பி வந்தபோது தம்பி முகத்தில் ஒரு தெளிச்சல். அளவு இருநூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்தது. டாக்டருக்கும் சந்தோஷம். நான் வந்து பன்னிரண்டாம் நாள் எடுத்தால் ஐந்நூற்று எண்பது.

டாக்டர் நெற்றியைத் தடவினார். எதிர்ப்புச் சக்தி சோதனை இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் வந்திருக்கிறது, ஊசி போட்டுக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார். இப்படியே போனால் கல்லீரலில் தழும்பு விழும் என்றும் சொன்னார். அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் பாலை அடுப்பில் வைத்திருந்தேன்.

"அக்கா, நீ சித்தி வீட்டுக்குப் போனது எந்தத் தேதி?"

"மூணாம் தேதி. காலைல ஏழு மணி பஸ்."

"வந்தது?"

"பத்தொம்பது. மத்தியானம் ரெண்டரை. எதுக்குடா?"

அவன் பென்சிலால் இரண்டு கோடு போட்டான். அளவு இறங்கியதெல்லாம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது.

"நீ போனா இறங்குது. நீ வந்தா ஏறுது."

"நான் என்னடா வைரஸா?"

"சொல்ல முடியாது" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நீ இல்லாதப்ப நான் எதைச் சாப்பிடலன்னு யோசிக்கிறேன். சோறு ஒண்ணுதான், தண்ணி ஒண்ணுதான். பால்கூட நானே காய்ச்சிக் குடிச்சேன். ஆனா நீ தர்ற பால் மாதிரி கசப்பு இல்ல."

என் கையில் கரண்டி இருந்தது. கரண்டியில் பொடி இருந்தது.

ஐந்து மாதமாக, மாலையில் அவன் குடிக்கும் பாலில் ஒரு கரண்டி போட்டு வந்தேன். உடம்பு தேறும், சதை பிடிக்கும், முழுக்க மூலிகை என்று டப்பாவில் எழுதியிருந்தது. குச்சி என்று அவனைக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. சொன்னால் குடிக்கமாட்டான், டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிப்பான் என்று சொல்லவில்லை. கத்தி முதுகால் மட்டம் தட்டி ஒரு நாளும் கூடவிடாமல், குறையவிடாமல் போட்டேன். சித்தி வீட்டிலிருந்து வந்த பிறகு, விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக ஒன்றரைக் கரண்டி. டாக்டர் கேட்டபோது அது மருந்தென்றே எனக்குத் தோன்றவில்லை.

டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வேலிக்கு மேய்கிறோம் என்று தெரிந்திருக்காது.

அவன் கோபப்படவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தான். "எத்தனை கரண்டி, எந்தத் தேதியிலேருந்து?" என்று கேட்டான். நான் சொன்னேன். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினான். "நீயே எழுது. இது உன்னோட வரி."

இருபத்துமூன்றாவது வரியை நான் எழுதினேன். தேதி, கரண்டிக் கணக்கு, டப்பாவில் இருந்த பெயர் எல்லாம்.

மறுநாள் டாக்டர் தாளையும் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மூலிகைன்னா கெடுதல் பண்ணாதுன்னு யார் சொன்னது?" என்றார். அதட்டவில்லை, கேட்டார். ஊசியைத் தள்ளி வைப்போம், பொடியை நிறுத்தி வாராவாரம் ரத்தம் பார்ப்போம், இறங்கினால் இதுதான், இறங்காவிட்டால் ஊசி என்றார். கிளம்பும்போது தன் நோட்டில் ஏதோ குறித்தார். "இனிமே நான் கேக்குற கேள்வியில ஒண்ணு கூடுது. வீட்ல வேற யாராவது உங்களுக்கு ஏதாவது கலந்து தர்றாங்களா?"

முந்நூற்று நாற்பது. நூற்று ஐம்பது. எழுபத்தொன்று. ஐந்தாவது வாரம் முப்பத்தாறு. மூன்று மாதக் கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறதா என்று எண்ணினேன். ஒரு நாள் தாண்டியிருந்தது. தம்பி கடிதத்தோடு தாளையும் கொண்டுபோய் சூப்பர்வைசர் முன்னால் விரித்தான். அவர் இருபத்துமூன்று வரியையும் படித்தாராம். "லிஃப்டுக்குக்கூட இவ்வளவு எழுதமாட்டியேடா" என்றாராம். திங்கட்கிழமை அவன் மறுபடி கூண்டுக்கு மேலே நின்றான்.

இப்போதும் மாலையில் பால் கொடுக்கிறேன். டம்ளரை வாங்கியதும் குடிக்கமாட்டான்.

"இதுல என்ன?"

"பால்."

"அப்புறம்?"

"சர்க்கரை."

"எவ்வளவு?"

"ஒண்ணே கால் கரண்டி. மட்டம் தட்டினது."

ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்பான்.