காற்று அடிக்கிற பக்கம்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, பூச்சுவேலை மேஸ்திரி. அம்மா. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, மீன் கம்பெனியின் குளிர்க்கிடங்கில் டூட்டி. அப்புறம் நான், ஆறாம் வகுப்பு. குவைத்தில் மங்காஃப், மூன்றாவது மாடி, வெள்ளிக்கிழமை.

டீச்சர் ஆளுக்கொரு மலை கொடுத்து, அதேபோல் செய்துவரச் சொல்லியிருந்தார். எனக்கு விழுந்தது தென்துருவத்து மலை. ஊர் இல்லை, ரோடு இல்லை, ஒரு மரம்கூட இல்லை. உயரம் பதினாறாயிரம் அடி. இருபது மார்க். அது வராவிட்டால் நான் பெயில்.

ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் என்று அப்பா ஜிப்சம் குழைத்தார். புத்தகத்தில் படம் தீப்பெட்டி அளவு.

"பின்பக்கம் எப்படி இருக்கும்?"

"படத்துல முன்பக்கம்தாம்பா இருக்கு."

"டிராயிங் இல்லாம வேலை குடுத்துருக்காங்க பாரு."

நாலு பக்கமும் ஒரே வெள்ளையாக, வழவழவென்று பூசிவிட்டார். மேடு பள்ளம் விட அவர் கைக்கு வராது.

சித்தப்பா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க காத்து உண்டா புள்ள?"

"ஓயாம அடிக்குமாம்."

"அப்ப அந்தப் பக்கம் பனி நிக்காது. எங்க கிடங்குல ஃபேனுக்கு நேரா இருக்குற பெட்டி வெறுசாத்தான் கிடக்கும். மறைவுல இருக்குறதுலதான் ஏறும்." ஈரம் காயுமுன் கரண்டியால் ஒரு பக்கத்தைச் சுரண்டினார்.

"என் பூச்சுல கை வைக்கிறியா?"

"இது செவுரு இல்லண்ணே, மலை."

அம்மா சிரித்துவிட்டாள். சுரண்டிய இடத்தில் சித்தப்பா கறுப்பு ஷூ பாலிஷ் தடவினார். பாறை வந்துவிட்டது.

"அங்க ரொம்பக் குளிருமா சித்தப்பா?"

"நம்ம கிடங்கு மாதிரிதான். நான் தினம் போயிட்டு வரலியா?"

வகுப்பில் மற்றவர்களின் மலையெல்லாம் ஐஸ்கிரீம் மாதிரி இருந்தன. டீச்சர் என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்று அடிக்கிற பக்கம் பாறை தெரியும் என்று யார் சொன்னது என்றார்.

"எங்க சித்தப்பா. அவருக்கு அங்கதான் டூட்டி."

வகுப்பு ஒரு வாரம் நம்பியது. இருபதும் கிடைத்தது. சொன்னதும் சித்தப்பா, "அடுத்த லீவுக்குப் பென்குயின் கொண்டாரேன்னு சொல்லிடு" என்றார்.

பால்கனிக் கம்பியைத் தொட முடியாத வெயிலில், டூட்டிக்கு அவர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப்போகும் ஸ்வெட்டர்கள் காயும். எண்ணிவிட்டுச் சிரிப்பேன். ஒன்று ஏன் போதவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு ஆள், ஒரு டூட்டி. ஐந்து.