காப்பி நிறக் காரின் சொந்தக்காரன்

ஆரின் வாசெக்குக்குப் பதினாறு முடிந்த வாரமே அவன் அம்மா மார்லிஸ் வீட்டுக் காரின் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பள்ளி விட்டதும் அவன் பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போகவேண்டும். மினசோட்டாக் குளிரில் அது நடக்கிற தூரமில்லை. அவளுக்கும் அதே பள்ளியின் சமையல்கூடத்தில்தான் வேலை. கூட வேலை பார்க்கும் லோர்னாவின் பிக்கப் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றாள்.

கார் ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பார்வைக்குத்தான். பால் கூடிப்போன காப்பி நிறம், பெட்டி போன்ற உடம்பு, நாலு கதவு. ஆரின் குழந்தையாக இருந்தபோது கொட்டிய திராட்சைச் சாறு பின் சீட்டில் கறையாகப் படிந்திருந்தது. 'என் மகன் நல்ல மாணவன்' என்று மார்லிஸ் பெருமையோடு பின்னால் ஒட்டிய தாளை அவன் சுரண்டிப் பார்த்தான். பாதிதான் போயிற்று.

மற்ற பையன்கள் உயரமான பிக்கப்புகளில் உறுமிக்கொண்டு வந்து பள்ளியின் முன்வரிசையில் நிறுத்துவார்கள். ஆரின் எல்லோருக்கும் முன்னால் வந்து, கடைசி வரிசையில் குப்பைத் தொட்டி ஓரமாக விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக நுழைவான். கேட்டால், "அம்மாகூட வந்தேன்" என்பான்.

ஜனவரியில் ஒரு காலை கடும் பனிமூட்டம். விளக்கைப் போட்டு ஓட்டி வந்தவன் அணைக்க மறந்துவிட்டான்.

சரித்திர வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "குப்பைத் தொட்டி பக்கத்துல காப்பி கலர்ல ஒரு பழைய காரு நிக்குது. லைட்டு எரியுது. யாரோட வண்டியோ, வந்து அணைச்சிட்டுப் போங்க."

வகுப்பே சிரித்தது. "யாருடா அது, தாத்தா காரைக் கிளப்பிட்டு வந்தவன்?" என்றான் ஜன்னலோரம் இருந்த பிராடி லுண்ட்.

ஆரினும் சிரித்தான். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தான். "குப்பை அள்ளுறவங்க அதை மட்டும் மறந்துட்டாங்க போல" என்று தன் பங்குக்கு ஒன்று எடுத்துவிட்டான்.

ஒலிபெருக்கி மறுபடி அதையே சொன்னது. அவன் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து பிராடி, "டேய், அங்க பாரு" என்றான். குரலில் கேலி இல்லை.

எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். ஆரினும் போனான்.

தலையில் வலைத்தொப்பி, இடுப்பில் ஏப்ரன், மேலே கோட்டு இல்லை. உறைந்த தரையில் வழுக்கிவிடாமல் அடிமேல் அடி வைத்து மார்லிஸ் அந்தக் காரை நோக்கிப் போனாள். நாலு கதவையும் இழுத்துப் பார்த்தாள். எல்லாம் பூட்டியிருந்தன. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தபடி நின்றாள். சாவி வைத்திருப்பவன் வருவான் என்று நின்றாள்.

"ஆரின், வெளிய போகணுமாப்பா?" என்று ஆசிரியை ஃபென்ஸ்கே மெல்லக் கேட்டார்.

"இல்ல மேடம்."

"உங்கம்மாடா" என்றான் பிராடி.

"லோர்னா வண்டின்னு நெனச்சு எதையோ தேடுறாங்கபோல."

யாரும் சிரிக்கவில்லை. வெளியே மார்லிஸ் நிமிர்ந்து ஜன்னல்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மணி அடித்ததும் பிராடி அவன் பக்கத்தில் வந்தான். "காரு உன்னுதுன்னு செப்டம்பர்லயே எல்லாருக்கும் தெரியும்டா. அத விடு. கோட்டுகூட இல்லாம நின்னாங்கடா." சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் கார் கிளம்பவில்லை; விளக்கு எரிந்தே பேட்டரி இறங்கிப்போயிருந்தது. லோர்னா தன் பிக்கப்பை முட்டக் கொண்டுவந்து நிறுத்தி, பேட்டரிக்கு வயர் மாட்டியபடியே வெடித்தாள். "மைக்குல ரெண்டு தரம் கத்துனாங்களே, காதுல என்ன, பஞ்சா?"

"அவன் ஜிம்ல இருந்திருப்பான் லோர்னா. அங்க ஒண்ணும் கேக்காது" என்றாள் மார்லிஸ்.

"ஆமா, ஜிம்லதான் இருந்தேன்" என்றான் ஆரின். சொல்லும்போது அவள் கையைத்தான் பார்த்தான். விரல் நுனிகள் இன்னும் சிவந்திருந்தன.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வரிசையில் அவள் முன்னால் நின்றான். மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியில் எடுத்தாள்.

"அம்மா, நேத்து நான் ஜிம்ல இல்ல."

"தெரியும். ஜன்னல்ல உன்னைப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் லோர்னாகிட்ட அப்படிச் சொன்ன?"

"அவளுக்கு எதுக்குடா நம்ம வீட்டுக் கதை?" என்றாள் மார்லிஸ், அவன் முகத்தைப் பார்க்காமல். "தட்டை நீட்டு. பின்னாடி ஆளு நிக்குது."

அடுத்த நாளிலிருந்து ஆரின் காரை முன்வரிசையில், வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தினான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.