திருகாணி இல்லாத வளையம்

டெலஸ்கோப்பின் குழாயில் அதைவிட ஒல்லியான ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை, பொருத்த ஒரு பித்தளை வளையம் வேண்டும். அடாப்டர் என்பார்கள். ஐபீஸ் நழுவாமல் இறுக்கிப் பிடிக்க, வளையத்தின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்க வேண்டும். அதை வாங்கத்தான் அறுபதுகளின் கடைசியில் நானும் என் நண்பனும் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு பஸ் ஏறினோம்.

நண்பன் திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பம். ஏலத்தில் எடுத்த பழைய டெலஸ்கோப் வைத்திருந்தான். அதோடு வந்த ஐபீஸில் சனி கிரகம் தெரியும், அதன் வளையம் பிரிந்து தெரியாது. சக்தி கூடிய ஜப்பான் ஐபீஸ் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தான். அவசரத்துக்குக் காரணம் அவன் அப்பா. அவருக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கைவிரித்துவிட்டார். பார்வை இருக்கும்போதே சனியின் வளையத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

"காசு குடுத்து சனியை வீட்டுக்குக் கூப்பிடுறீங்களே!" என்று விஷயத்தைக் கேட்ட சென்னைக் கடைக்காரர் சிரித்தார். மொழுமொழுவென்று ஒரு வளையத்தை எடுத்து வைத்தார். ஐபீஸ் அதற்குள் லொடலொடவென்று ஆடியது. திருகாணி வைத்தது வேண்டும் என்றேன்.

"பட்டு ஊர்க்காரங்களுக்கு நூலுக்கா பஞ்சம்? நாலு சுத்து சுத்திச் சொருகுங்க சார்."

அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே, கண்ணாடி அலமாரியில், திருகாணி வைத்த வளையங்கள் இருந்தன. விரலால் காட்டினேன்.

"அது காலேஜுக்கு எடுத்து வெச்சது."

"எந்த காலேஜ்?"

"எந்த காலேஜ் கேட்டாலும்."

நண்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "விடுப்பா, குடுக்கறத வாங்கிக்கினு போலாம்."

எங்கள் வீட்டில் தறி ஓடியது. தறி வீட்டில் நூல் என்றால் பட்டுதான். கை தானாக அங்கேதான் போகும். கழிவுப் பட்டு நூலை எடுத்து ஐபீஸின் கழுத்தில் நெருக்கமாகச் சுற்றினேன். பார்க்க அழகாக இருந்தது. பட்டு வழுக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு நண்பனின் அப்பா அவர்கள் வீட்டு முற்றத்தில் காத்திருந்தார். "பட்டை நான் தொடமாட்டேன்பா. கண்ணை மட்டும் வெக்கறேன்," என்றார். புழுவைக் கொன்று எடுத்த நூல் ஜைனர்களுக்கு ஆகாது.

குழாயை வானத்துக்கு உயர்த்தினால் ஐபீஸ் முனை தரையைப் பார்க்கும். அவர் குனிவதற்குள் அது பட்டோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்து கருங்கல்லில் விழுந்தது. லென்ஸ் இரண்டாகப் பிளந்துவிட்டது.

நண்பன் பழைய ஐபீஸைப் போட்டான். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் நீட்டமா இருக்குது. இதான் வளையமா?"

நண்பன் என்னைப் பார்க்கவில்லை. "ஆமாம்பா, இதான்."

மறுநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கேட்ட எனக்கு அந்தக் கடைக்காரர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.