படத்தில் வரையாத கோடு

நசீரின் வேலை போனதற்குக் காரணம் நான். அவன் அல்ல, நான்! இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆனது என்பதே எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில், குவைத்தில் பல கடைகள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்பை வடிவமைத்தவன் நான். எல்லாவற்றையும் அடுக்குகளாகப் பிரித்துப் படமாக வரைந்தேன். மேலே வியாபாரம், அதன் கீழ் மென்பொருள்கள், அதற்கும் கீழே தரவு, அடியில் இயந்திரங்கள். ஓர் அடுக்கு அடுத்த அடுக்கோடு மட்டுமே பேச வேண்டும். தரவில் கைவைக்கும் உரிமை அதைக் கவனித்த நசீருக்கு மட்டுமே. சட்டம் போட்டது நான். மீறியதும் நான்!

விலையை மாற்றினால் உடனே கடைகளில் மாற வேண்டும், யல்லா யல்லா என்றார் மேலாளர். நடுவிலிருந்த சரிபார்ப்புகள் தாமதப்படுத்தின. அவர் திரையிலிருந்து நேராகத் தரவுக்கு ஒரு குறுக்குவழி போட்டேன். எப்படி வேகமாயிற்று என்று அவர் கேட்கவில்லை, தோளில் தட்டினார். நாய்க்குட்டி போலக் குழைந்தேன். அந்தக் கோட்டைப் படத்தில் வரையவில்லை... படத்தின் அழகு கெட்டுவிடுமாம்!

தள்ளுபடி விற்பனையன்று அவர் திரையிலிருந்து தசமப் புள்ளி இடம் மாறிய விலைகள் இறங்கின. தடுக்க நடுவில் ஒன்றுமில்லை. பத்து தினார் பொருள் ஒரு தினாருக்குப் போனது.

விசாரணையில் என் படத்தைச் சுவரில் காட்டி, தரவைத் தொடுபவர் யார் என்று கேட்டார் மேலாளர். படம் நசீரைக் காட்டியது. நான் வாய் திறந்திருக்கலாம். என் பதவி, என் குடும்பத்தின் விசா... எந்தக் காரணம் சொன்னால் நீ என்னை மன்னிப்பாய்? வேண்டாம், மன்னிக்காதே!

"கலாஸ்", முடிந்தது, என்றார் மேலாளர். நசீரின் விசா ரத்தானது.

அன்று மாலையே குறுக்குவழியைச் சத்தமில்லாமல் அடைத்தேன். அதன்பின் என் படத்தில் பிழையே இல்லை.

வழியனுப்ப அப்பாசியாவில் அவன் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட வருடத்தின் நடுவில் மகளின் சீருடைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி. அவன் தேநீர் தந்தான்.

"அண்ணே, நீங்க வரஞ்சது தப்பா இருக்காது. நான்தான் எங்கயோ கவனிக்காம விட்டுட்டேன் போல."

தன் கையைவிட என் படத்தை நம்பினான், மடையன்! பார், இப்போதும் அவனைத்தான் திட்டுகிறேன்.

தேநீரைக் குடித்தேன். இனி எங்கே போனாலும் கவனமாக வேலை செய் என்று அவனுக்கு அறிவுரை சொன்னேன். ஆம், அறிவுரை!

சரிண்ணே என்று தலையாட்டினான்.